முகம் திருப்பிய பிள்ளை

எங்கள் தோட்டத்தில் பெண்களுக்கு மாரில் வரும் கட்டிக்கு இரண்டே காரணங்கள்தான். கைப்பிள்ளைக்காரி என்றால் பால் கட்டிக்கொண்டது. மற்றவள் என்றால் தேயிலை வாது குத்திவிட்டது. கிளையைத்தான் வாது என்போம். செடிக்குள் புகுந்து கொழுந்தெடுக்கிறவளின் நெஞ்சில் அது குத்தாமல் இருக்காது. அதனால் யாரும் எதிர்த்துப் பேசவும் முடியாது.

எழுபதுகளின் கடைசியில் என் மதினி, அதாவது பெரியண்ணன் மனைவி, பெண் குழந்தையை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மறுபடி மலைக்கு வந்தாள். என் பக்கத்து நிரைதான். பால் கொடுக்க இறங்கும் நேரத்துக்கு முன்பே அவளுக்கு மார் கனத்துவிடும். கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும், குனிந்து தேயிலைத் தூரில் பீய்ச்சிவிடுவாள். பால் காலில் மிதிபடக் கூடாது என்று தாய்மார் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"தொரையோட டீக்குப் பாலும் நாமதான் ஊத்துறோம்" என்பாள். அவள் வாய் அப்படி.

சில மாதங்களில் பிள்ளை இடது பக்கம் குடிக்க மறுத்தது. வலது பக்கம் முட்டி முட்டிக் குடிக்கும். இடது பக்கம் மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும். தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. ஒரே வரிசையில் குடியிருந்த லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"பால் கட்டியிருக்கு. வெந்நித் துணி வச்சு நீவி விடுங்க. புள்ள குடிச்சாத் தன்னால கரைஞ்சிரும்."

நீவினோம். மதினி உதட்டைக் கடித்துக்கொள்வாள். அம்மா பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து அந்தப் பக்கமே திருப்பி வைப்பார். கை வலித்தால் நான் பிடிப்பேன். டவுனில் மல்லிகைப்பூ வாங்கிவந்து மாரில் வைத்துக் கட்டினோம். பூ வாடியது, கட்டி அப்படியே இருந்தது.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் வைத்தியம் பார்த்தவர் ஆண். "அவருகிட்ட எப்புடிக் காட்டுறது?" என்று மதினி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நெஞ்சு வலி என்று மட்டும் சொன்னாள். அவரும் தலை நிமிராமல் ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பினார். யார் மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லார் மேலும் படுகிறேன்.

கட்டி உடைந்து புண்ணான பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புற்றுநோய் வார்டில் அடுத்த கட்டிலில் பூண்டுலோயாத் தோட்டத்துக்காரி ஒருத்தி, அதற்கடுத்து வலப்பனைப் பக்கத்துக்காரி ஒருத்தி. இருவரையும் விசாரித்தேன். ஒருத்தி பால் என்றாள், மற்றவள் வாது என்றாள்.  எங்கள் தோட்டத்துப் பேச்சு என்றல்லவா அதை நினைத்திருந்தேன்.

எப்போது தொடங்கியது என்று டாக்டரம்மா சிங்களத்தில் கேட்டார். "புள்ள குடிக்க மாட்டேன்னப்ப" என்றாள் மதினி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொன்னேன். பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்றார். "நடக்கிறாள்" என்றேன். அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மதினி போய்விட்டாள்.

கருமாதியன்று லயத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் மடியில் பொரி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தாய்ப்பால வேணாம்னு தள்ளுன புள்ள. அதான் தாய முழுங்கிருச்சு."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.  பெரியவர்களை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வாய மூடுங்க பெரியம்மா" என்றேன். "நாம எல்லாரும் பாலுன்னு சொன்னோம். இது ஒன்னுதான் இல்லைன்னு சொல்லுச்சு. நாமதான் அது மூஞ்சியப் புடிச்சுப் புடிச்சுத் திருப்பி வச்சோம்."