அக்கா ருசி பார்க்காத ரோல்ஸ்

"சோக்காயிருக்கு" என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்பவர் உண்மையாகவே ருசித்துச் சொன்னாலும் என் முகம் மாறிவிடும். வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டவர்கள் சொன்னால், "எது சோக்கு, எது சோக்கில்லை, அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிடுவேன். விழிப்பார்கள். விழிக்கட்டும். என் அக்காவின் கடையைப் பூட்ட வைத்தது அந்தச் சொல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு சின்ன பிளாசாவில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அதற்கு முன்னர் அக்கா உறைந்த சாப்பாடு பெட்டி போடும் பக்டரி ஒன்றில், குளிரறைக்குள் நின்று வேலை செய்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. வேலையால் வந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டக்கூட என்னைக் கூப்பிடுவாள். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். இனிக் குளிருக்குள் நின்றால் கை சரிவராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அது ஆசைக்குப் போட்ட கடை இல்லை. கடை ஓடினால் விரல்கள் தப்பும், ஓடாவிட்டால் திரும்பவும் குளிரறை. இது எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். திறப்பு விழாவுக்கு வந்து, அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள்தானே.

கடையில் விலைப்பட்டது மட்டன் ரோல்ஸ், ஆட்டிறைச்சிக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்தது. அதில்தான் ஒரு சிக்கலும் இருந்தது. அக்கா மச்சம் சாப்பிடமாட்டாள். ஊரில் ஆமி தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவன் உயிரோடு வந்தால் இனி மீனும் இறைச்சியும் வாயில் வைப்பதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தம்பி வந்து சேர்ந்தான். அக்காவும் சொன்ன சொல்லில் நின்றாள். உப்புப் பார்ப்பதற்குக்கூட ஒரு சொட்டை நாக்கில் விடமாட்டாள். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீடுகளில் தாங்கள் விரதம் இருந்துகொண்டு வேறு சட்டியில் பிள்ளைகளுக்கு மீன்குழம்பு வைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். கை சமைக்கும், ருசி பார்ப்பது அடுத்தவர் வாய். அக்கா அதையே கடைக்கும் கொண்டுவந்தாள். வருகிற ஆட்களிடமெல்லாம், "நான் வாயில வைக்கிறேல்லை. நீங்கள்தான் சொல்லோணும்" என்பாள். சும்மா உபசாரத்துக்குச் சொன்னதில்லை. தன் நாக்கை அவர்களிடம் ஒப்படைத்திருந்தாள்.

முதலில் ரோல்ஸ் உண்மையாகவே திறமாக இருந்தது. சனி, ஞாயிறுகளில் கவுண்டரில் நிற்பது நான். கொண்டுவந்து அடுக்கினால் அடுக்கினபடி போய்விடும்.

பிறகு பனிக்காலம் வந்தது. கறித்தூளுக்கு அக்கா அப்பார்ட்மென்ட்டில்தான் மிளகாய் வறுப்பாள். குளிருக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்ததில் ஒருநாள் புகை கிளம்பி ஃபயர் அலாம் அடித்து, முழுக் கட்டடமும் இறங்கிப் பனிக்குள் நின்றது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நின்ற தாய் எங்களைப் பார்த்த பார்வையில் அக்கா குறுகிப்போனாள். அதோடு நல்லாக வறுப்பதை விட்டுவிட்டாள். அடுப்பை மட்டாக வைத்து, மல்லியும் மிளகாயும் நிறம் மாற முன்னரே இறக்கிவிடுவாள். தூளில் பச்சை மணம் நின்றது. மரக்கறியில் அது தெரியாது, தேங்காய்ப்பாலும் புளியும் மூடிவிடும். ஆட்டிறைச்சியில் மூடாது, வறுபடாத தூளுக்கு ஆட்டின் கவிச்சும் அடங்காது. ரோல்ஸைக் கடித்தால் அந்த வெடுக்கு மணம் முகத்தில் அடித்தது.

நான் அன்றைக்கே சொன்னேன். "அக்கா, தூள் வறுபடேல்லை. இறைச்சி மணக்குது."

அக்கா மாவைப் பிசைந்தபடி, "உனக்கு எப்பவும் என்ர சமையலில ஒரு குறை" என்றாள். "இண்டைக்கு வந்த அவ்வளவு பேரும் சோக்கெண்டுதான் சொல்லிச்சினம். அவைக்கு நாக்கில்லையே?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவரும் சாப்பிட்டவர்தான். அவருக்கு வீட்டில் சத்தம் இருக்கக்கூடாது. அதற்காக எதையும் விழுங்குவார்.

"எனக்கெண்டால் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?" என்று சொல்லிவிட்டுக் குப்பை கட்ட எழும்பிப் போனார்.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் "ஓம், மணக்குதுதான்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது தங்கச்சியின் வாய்க்கொழுப்பு, எரிச்சல் என்று போயிற்று. மறுபடி சொன்னேன், மறுபடியும் வாங்கிக் கட்டினேன்.

எங்களுக்குப் பக்கத்துக் கடை முடி வெட்டும் சலூன். நடத்தியது ஒரு சீனப் பெண். தொடக்கத்தில் இருந்து மத்தியானம் தவறாமல் வந்து இரண்டு ரோல்ஸ் வாங்குவாள். சிரிக்கமாட்டாள், நலம் விசாரிக்கமாட்டாள். பனிக்காலத்தில் ஒருநாள் கவுண்டரில் நின்றபடியே ஒரு கடி கடித்தாள். மென்றதைக் கடுதாசியில் துப்பினாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முன்பு நல்லது, இப்போது கூடாது, ஆடு மணக்கிறது, மசாலா பச்சை என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் சொன்ன அதே குறை. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டலாம் போல இருந்தது.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் போனதும், "உவளுக்கு எங்கட உறைப்பைப் பற்றி என்ன தெரியும்? துப்பிப் போட்டுப் போறாள், மரியாதை தெரியாதவள்" என்றாள். அன்றைக்கு முழுக்க அதே புறுபுறுப்பு. அந்தப் பெண் பிறகு ரோல்ஸ் வாங்க வரவில்லை. நான் முடி வெட்டப் போனபோது, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த சிவப்புக் கடுதாசியைக் காட்டி, அதில் இருப்பது தங்கள் ஊர்ப் பழமொழி என்றாள். ஒருவர் நம் நன்மைக்குச் சொல்லும் குறையைக் கேட்டுக்கொள்வது பற்றியதாம். உன் அக்காவிடம் சொல் என்றாள். நான் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. எங்களுக்குப் பழமொழிக்கா பஞ்சம்? கேட்டுக்கொள்வதற்கு முதலில் யாராவது வாயைத் திறக்க வேண்டுமே.

திறந்தார்கள்தான், வேறு இடத்தில். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. கல்யாண மண்டப வாசலில் "அருமையான சாப்பாடு" என்று கைகூப்பிவிட்டு, கார்க்கதவைச் சாத்தியதும் சோற்றின் பதத்தில் இருந்து பாயசத்தின் இனிப்பு வரை பிரித்து மேய்வார்கள். வீடு போய்ச் சேரும் வரை அதுதான் கதை. அதற்குப் பெயர் பண்பாம். அக்காவின் கடைக்கும் அதுவே நடந்தது. ரோல்ஸ் நல்லாக இருந்தபோதும் சோக்கு, கெட்ட பிறகும் சோக்கு. சொல் மாறவில்லை, ஆட்கள் வருவது மட்டும் குறைந்தது. அக்கா அதைக் குளிரின்மேல் போட்டாள், பிறகு நேரத்துக்கு வராத பஸ்ஸின்மேல் போட்டாள், கடைசியில் யாருடைய கண்ணூறோ பட்டுவிட்டது என்று எலுமிச்சங்காய் வெட்டினாள்.

அம்மா வழியில் எங்களுக்கு ஒரு அன்ரி இருந்தார். மல்வேர்னில் இருந்து கோயிலுக்கு வந்துபோகும்போதெல்லாம் கடையில் வந்து இருந்து தேத்தண்ணி குடிப்பார். அக்காவின் ரோல்ஸைப் போல ரொறன்ரோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பார். அவரை ஒருநாள் பஸ் ஸ்டொப்பில் கண்டேன். கையில் வேறொரு தமிழ்க் கடையின் பை, எண்ணெய் ஊறிப்போய் இருந்தது.

"என்ன அன்ரி, ரோல்ஸோ?" என்று கேட்டேன்.

"எனக்கில்லைப் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவரச் சொன்னவை" என்று பையைச் சால்வைக்குள் இழுத்தார்.

அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பஸ் வந்துவிட்டது.

மறு கோடைக்கு முன்னரே கடை படுத்துவிட்டது. கடைசிச் சனிக்கிழமை அத்தான் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா சட்டிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அன்ரி வந்தார். வழக்கமான கதிரையில் இருந்து, வழக்கமான தேத்தண்ணியைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, செத்த வீட்டில் கதைக்கிற குரலில் தொடங்கினார்.

"என்ன செய்யிறது பிள்ளை. பனிக்காலம் தொடங்கவே நான் உங்கட அங்கிளுக்குச் சொன்னனான், இவள் தூளைச் சரியா வறுக்கேல்லை, இறைச்சி வெடுக்கடிக்குது, கடை நிலைக்காதெண்டு. எல்லாரும் உந்தக் கதையைத்தானே கதைச்சவை."

அக்காவின் கையில் இருந்த சட்டி அப்படியே நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. அன்ரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெரியவர்களை எதிர்த்துப் பேசி நான் கண்டதில்லை. அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"அன்ரி, நான் மச்சம் தொடுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் பிள்ளை, தெரியும். அதுதான் இன்னும் பாவமாக் கிடந்தது. சொன்னால் உன்ர மனம் நொந்து போமெண்டு விட்டிட்டன்."

அக்கா சட்டியைப் பழைய பேப்பரில் சுற்றத் தொடங்கினாள். அந்த விரல்களால் அதைச் சுற்றி முடிக்க அவளுக்கு நேரம் எடுத்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"மனம் நோகக்கூடாதெண்டு விட்டியள். இனி அவள் குளிரறைக்குள்ள நிக்கேக்க விரல் நோகும். அதுக்கு ஆர் வாறியள், நீங்களோ, அங்கிளோ?"

அன்ரி எழும்பினார். "உவளுக்கு வாய் கூடிப்போச்சு" என்று அத்தானிடம் சொன்னார். அத்தான் ஏணியில் நின்றபடி, "சின்னப் பிள்ளை, விடுங்கோ" என்று சமாதானம் சொல்லி, இறங்கி வந்து அவரை பஸ் ஸ்டொப் வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

அடுத்த கிழமை அக்கா திரும்பவும் குளிரறைக்கு வேலைக்குப் போனாள். அன்ரி அதைக் கேள்விப்பட்டு, பாவம், எவ்வளவு சோக்காச் சமைக்கிறவள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக் கவலைப்பட்டாராம்.