எண்ணப்படாத காலைகள்

நான் பொய் எழுதினேன். நடந்தவர்களை நடக்கவில்லை என்று எழுதினேன்.

இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதால்தானோ என்னவோ!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை அகலப்படுத்தத் திட்டம் தீட்டிய காலம். வரைபடம் தயாரிக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் நான் கணக்கெடுப்பாளன். மேலகரத்தில், என் வீட்டருகிலேயே, ஒரு வாரம் விடிகாலையில் உட்கார்ந்து சாலையோரம் நடப்பவர்களை எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு கோடு. கோடுகள் நிறைந்தால் மர நிழலோடு நடைபாதை. இல்லையென்றால் அந்த இடமும் வண்டிகளுக்கே. அவ்வளவு எளிய வேலை!

முதல் நாள் போனேன். சாரல்... மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெண்மைதான் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து முதலில் குடைகள் வந்தன. பிறகு பேச்சுச் சத்தம். பிறகுதான் கால்கள். தரையைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் இருந்தது!

முன்னால் எங்கள் தெரு ஜமீலா அக்கா. கணவர் துபாயில். சர்க்கரை நோய்க்கு, தினமும் நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் தோழி பார்வதி அக்கா. பின்னால் இன்னும் பலர்.

"என்ன தம்பி, மழையில உக்காந்து என்ன எழுதுதீய?" என்று ஜமீலா அக்கா கேட்டார்.

"நடக்கவங்கள எண்ணுதேன்க்கா."

"அப்ப என்னய ரெண்டா எண்ணிக்கிடுங்க. ஒடம்பு அப்படி!"

குடைகள் மறைந்த பிறகும் சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் குளிர். போர்வையை விலக்க மனமில்லை. உறக்கத்திலும் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்... ஈரச் சாலை, குடைகள், மெல்லிய பேச்சு. விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. வாரம் முழுவதும் அப்படியே!

கடைசியில் படிவங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோடு போட்டேன். ஏன் குறைத்துப் போட்டேன்? நிறையப் போட்டால் இன்னொருவரை அனுப்பிச் சரிபார்ப்பார்களோ என்ற பயம். முதல் நாள் தாள் மற்றவற்றோடு ஒட்டவில்லை... அதைக் கிழித்தேன்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். அவர் தாள்களைப் புரட்டினார்.

"ஏலே, இம்புட்டுப் பேருதான் நடக்காவளா? நெசமா உக்காந்து எண்ணுனியா?"

"எண்ணுனேன் அண்ணாச்சி."

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு வாரம் உட்கார்ந்திருக்கலாம். சொல்லவில்லை!

சாலை வந்தது. கறுத்து, மினுங்கி, கடைப் படிகளைத் தொட்டுக்கொண்டு... அழகான சாலைதான். நடக்க மட்டும் ஓரம் இல்லை. சீசனில் ஐந்தருவிக்கு வேன்கள் பறந்தன. ஒரு காலையில் வேனின் பக்கக் கண்ணாடி மோதி, பார்வதி அக்காவின் முழங்கை உடைந்தது. அதன்பின் குடைகள் வரவில்லை.

ஜமீலா அக்காவும் வீட்டோடு அடங்கினார். சர்க்கரை ஏறியது. காலில் வந்த சிறு புண் ஆறவில்லை... இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நடந்திருந்தால் இது வந்திருக்காதா? யாருக்குத் தெரியும்! நோய் எவருக்கும் வருவதுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

போன சாரலின்போது தெருப் பெண்கள் நடைபாதை கேட்டு மனு கொடுத்தார்கள். பதில் வந்தது: அந்தச் சாலையில் நடப்பவர்கள் மிகக் குறைவு என்று முன்பே கணக்கெடுக்கப்பட்டுவிட்டதாம்.

அந்தப் பதில் தாளோடு, கம்பை ஊன்றியபடி, ஜமீலா அக்கா என் வீட்டு வாசலுக்கே வந்தார். கேட்கப்போகிறார்... கேட்கட்டும்! இன்றாவது கேட்கட்டும்!

"தம்பி, மழையில நனைஞ்சு நீங்க எண்ணுனத நான் கண்ணால பாத்தேம்லா. நீங்க எழுதிக் குடுத்தத எவனோ மாத்திப்புட்டான். ஒங்க ஒழைப்பும்லா வீணாப் போச்சு!"

என் உழைப்பு! வாய் திறந்தேன். வந்தது இதுதான்:

"ஆமாக்கா... மாத்தியிருப்பாவ."

"அல்லா ஒங்கள நல்லா வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

வேண்டாம் அக்கா என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.