திருத்தணியில் இரண்டு பேரைச் சேர்த்து வைத்தேன்

புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவே உட்காருவதுதான் என்னைப் போன்ற சபை உபதேசியாரின் வேலையில் பாதி. அப்படி உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஆண்டவரிடம் கோள்

இரண்டாம் உலக யுத்த காலம். நூல் கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்தன. ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சபையில் சேர்ந்த நெசவாளி ஞானமுத்து, அந்த எரிச்சலையெல்லாம் மனைவி எஸ்தர் மேல் காட்டினான். இனி அம்மா வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று அவள் கிளம்பி நின்றாள். போனால் திரும்ப மாட்டாள், அவ்வளவு ரோஷக்காரி. ஜெபித்தால் மனம் இளகும் என்று இருவரையும் முழங்கால் போடச் சொன்னேன்.

"ஆண்டவரே, இவளுக்கு வாய் நீளம், நீரே அடக்கும்" என்று அவன் ஆரம்பித்தான். அவள் விட்டாளா? அவன் வெற்றிலை எச்சில் துப்பும் இடம் வரைக்கும் பரலோகத்துக்குத் தெரிவித்தாள். நேரில் சொன்னால் அதட்டலாம். ஜெபத்தில் குறுக்கிட எனக்கு ஏது உரிமை? பொறுக்க முடியாமல் பாதியில் எழுந்துவிட்டேன். எஸ்தர் கேட்டாள்: "இன்னா ஐயா, நான் இன்னும் முடிக்கவே இல்லியே?"

ஸ்தோத்திரம் மட்டும்

மறுநாள் சட்டம் போட்டேன். விண்ணப்பம் கிடையாது, மற்றவர் செய்த ஒரு நன்மைக்காக ஆண்டவருக்கு ஒரே ஒரு ஸ்தோத்திரம், அதோடு ஆமென். ஞானமுத்து வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு! கடைசியில் முணுமுணுத்தான்: "ஆண்டவரே, நான் ஜொரத்துல கெடந்தப்ப இவதான் தறியில ஒக்காந்து வூட்டக் காப்பாத்துனா. ஸ்தோத்திரம்."

எனக்கே கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால், எஸ்தர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்: "அத ஆண்டவராண்டதான சொன்னாரு? எங்கிட்ட இன்னா சொன்னாரு?"

கரியில் ஓடிய பஸ்

ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் ஊர் திரும்புகிற நாள். எஸ்தர் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டியோடு கனகம்மாசத்திரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் அது. பின்னால் மாட்டிய கரி அடுப்பு பிடித்தால்தான் நகரும். அதற்குள் ஞானமுத்துவை இழுத்துவந்து ஜன்னலோரம் நிறுத்தினேன். "சொல்லுடா!" என்றேன். உபதேசியார் வாயில் வரக்கூடாத 'டா'தான், வந்துவிட்டது.

அவன் கைகூப்பிக் கண்ணை மூடினான். "ஆண்டவரே..."

"கண்ணத் தொறந்து என்னப் பாத்து சொல்லுய்யா!" என்று ஜன்னலிலிருந்து ஓர் அதட்டல். காவடிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்தான். "எஸ்தரு, நீ போயிட்டா அந்த வூட்டுல என்னால இருக்க முடியாது. கோவத்துல பேசினது தப்பு. வா."

பஸ் உறுமிக் கிளம்பும் நேரத்தில் அவள் இறங்கிவிட்டாள். எனக்கு அங்கேயே அல்லேலூயா பாட வேண்டும்போல் இருந்தது, பாடியும் விட்டேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆங், கேட்டுச்சி. பொட்டிய நீயே தூக்கினு வாய்யா."

நான் செய்து வைத்த மற்ற சமாதானங்களெல்லாம் ஜெபத்தால் வந்தவை. இது மட்டும், ஆண்டவர் மன்னிக்கட்டும், ஜெபத்தை நிறுத்தியதால் வந்தது.