நிரை பிரித்த ஆப்

குலுக்கி எடுத்தால் ஒரு முறை வந்த எண் மறுபடி வராது என்று நான் நம்பியிருந்தேன். மொபைல் ஆப் எழுதிப் பிழைக்கிறவன் நம்பக் கூடாதது அது. நாற்பத்தைந்து வயதில் நம்பினேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட். தேயிலைச் செடி வரிசைக்கு அங்கே நிரை என்று பெயர். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் காலையில் நிரை பிரித்துக் கொடுப்பவர் மேஸ்திரி ராசப்பன். ரோட்டோர நிரை சமதளம். பள்ளத்தோர நிரையில் முழங்கால் கழன்றுவிடும். நல்ல நிரையெல்லாம் தன் மனைவி பாக்கியத்துக்கே ஒதுக்குகிறார் என்று பேச்சு.

"ஏனுங்க, போனே பிரிச்சுக் குடுக்கட்டுங்க. என் பேரு தப்பிச்சாப் போதும்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார் ராசப்பன்.

நிரை எண்களை ஒரு அர்ரேயில், அதாவது ஆப்புக்குள் ஒரு பட்டியலில், வரிசையாகப் போட்டேன். ஒவ்வொருத்திக்கும் ரேண்டமாக ஒரு எண். முதல் நாள் ஏழாம் நிரையின் முனையில் லெட்சுமியும் சரோஜாவும் சேர்ந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் அதே எண் விழுந்திருந்தது.

"என்னாங்க சார், இவ எலையப் பறிப்பா, நான் காம்பப் பறிக்கவா?" என்றாள் லெட்சுமி.

"மேஸ்திரியே தேவல. ஓரவஞ்சனை செஞ்சாலும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு" என்றாள் சரோஜா.

ராசப்பன் முகம் சுருங்கியது. தேயிலைச் செடி மேலேயே லேப்டாப்பை வைத்துத் திருத்தினேன்: கொடுத்த எண்ணை ஞாபகம் வை, அதுவே வந்தால் வேறு எடு. அன்றைக்குத் தப்பித்தேன்.

மறுநாள் பட்டனை அழுத்தினால் திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"டவர் இல்லைங்க, மூடுபனி" என்றேன்.

"டவரே வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க!" என்றார் ராசப்பன்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நேற்றைய ஞாபகத்தை நான் அழிக்கவே இல்லை. எல்லா எண்ணும் கொடுத்தாயிற்று. ஆப் பாவம், இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சங்கும் ஊதிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொன்றாக ஏன் குலுக்க வேண்டும்? சீட்டுக்கட்டு மாதிரி அர்ரே முழுவதையும் தினமும் ஒரு தடவை ஷஃபிள் செய்துவிட்டு, மேலிருந்து ஆளுக்கு ஒன்றாக இறக்கினால் போதும். திரும்ப வர வழியே இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனியை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஷஃபிள் செய்தேன். ரோட்டோர நிரை பாக்கியத்துக்கு விழுந்தது.

எல்லாரும் ராசப்பனைப் பார்த்தார்கள். ராசப்பன் என்னைப் பார்த்தார். நான் மூடுபனியைப் பார்த்தேன்.

"போனுக்கும் அக்கா மேல பாசந்தான்!" என்றாள் லெட்சுமி.

அதற்கு அடுத்த நாள் பாக்கியத்துக்குப் பள்ளத்தோரம் விழுந்தது. ராசப்பன் மூச்சுவிடாமல் எண்ணை வாசித்தார்.

"பொண்டாட்டியவே பள்ளத்துல எறக்கிட்டாரே மனுசன்!" என்றாள் சரோஜா. பழைய பேச்சு அதோடு நின்றது.

அன்று அவருக்கு வீட்டில் சோறு இல்லை. கடையில் என்னோடு உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார், சந்தோஷமாக.