மாமாவின் வேனில் சீகிரியாவுக்கு

மாமாவின் வேன் கதவை இழுத்துத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது பெயின்ட் நாற்றம். வாரநாட்களில் மாத்தளையிலிருந்த அவருடைய ஹார்ட்வெயார் கடைக்குச் சீமெந்து மூட்டை, ஆணிப் பெட்டி, தகரம், பெயின்ட் டின் என்று ஏற்றிப்போகிற வேன் அது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் பின்னால் சீட்டுகளைப் பூட்டி, முன் கண்ணாடியில் மல்லிகை வாசம் வீசுகிற ஓர் அட்டையைத் தொங்கவிடுவார். பெயின்டும் மல்லிகையும், அம்மாவும் மாமியும் விடியற்காலையிலேயே பொரித்துக் கட்டிய கட்லட்டும் கலந்து அடிக்கிற அந்த நாற்றம் இன்றைக்கும் ஏதாவதொரு கடை வாசலில் மூக்கில் ஏறிவிட்டால், மற்றவர்களுக்கு என்ன வருமோ தெரியாது, எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாங்கள் அப்போது இரத்தோட்டையில் இருந்தோம். மேலே தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் அப்பாவுக்கு வேலை, கீழே டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. எனக்குப் பத்து வயது, தம்பி தினேஷுக்கு ஆறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் நாங்கள் டிவிக்கு முன்னால் உட்காருவது ஒரு ஜப்பான் கார்ட்டூனுக்காக. மலையடிவாரத்து ஊர் ஒன்றை ஆற்றுப் பேய்களிடமிருந்து காக்கிற ஒரு சின்னப் பெண்ணின் கதை அது. வெள்ளை நரி முகமூடியைத் தலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டியிருப்பாள், சண்டை வந்தால் முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். ஜப்பான்காரியான அந்தப் பெண் எங்கள் வீட்டில் பேசியது சிங்களம், ஏனென்றால் அதைச் சிங்களக் குரல் கொடுத்துத்தான் போட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கும் தம்பிக்கும் சிங்களம் வந்தது அவள் வாயிலிருந்துதான். ஆகவே கடையில் பாண் கேட்பதற்கு எங்களுக்குச் சிங்களம் தெரியாது. சபதம் எடுக்கவும், எதிரியைச் சவாலுக்கு அழைக்கவும், உயிரைக் காப்பாற்றும்படி கேட்கவும் நன்றாகத் தெரியும். நூடில்ஸை ஈர்க்குக் குச்சியால் சாப்பிடப் பழகினோம். அப்பா வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று இடுப்பை வளைத்துக் கும்பிடுவோம். தேயிலைத் தூள் படிந்த காக்கிச் சட்டையோடு அவரும் அதே மாதிரி வளைந்து கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

மாமாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் அம்மாவின் மூத்த அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். இளவயதில் அவர் முதன்முதலாகப் போட்ட கடையை, தமிழர் கடைகளைத் தேடிக் கொளுத்திய கலவரத்தில் எரித்துவிட்டார்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கி மேலே வந்தவர், கடையில் நாள் முழுவதும் சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், வீட்டுக்குள் ஒரு சொல் வந்தாலும் பொறுக்கமாட்டார். "கடையில பேசுறது வயித்துக்கு. வீட்டுல என்னாத்துக்கு?" என்பார். எங்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்குச் செருப்பைக் கழற்றிய கையோடு டிவியை நிறுத்துவார். யாரிடமும் கேட்கமாட்டார். எங்கள் வீடு, எங்கள் டிவி. அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார், அம்மா பால் விடாத பிளேன்டி ஊற்றப் போய்விடுவாள். அவருடைய கடை எரிந்ததற்காக இன்றும் நான் வருந்துகிறேன். ஆனால் அதை எரித்தது நானும் தம்பியும் இல்லை.

சீகிரியாவுக்குப் போவதென்று முடிவான வாரத்தில் அப்பா எனக்கு அந்த முகமூடியைச் செய்து தந்தார். ஃபெக்டரியில் மிஞ்சிய தடித்த அட்டையை நனைத்து, வளைத்து, காயவைத்து, சுவருக்கு அடிக்கிற வெள்ளையைப் பூசி, காதுக்கு உள்ளே சிவப்பு மையால் கோடு போட்டு, பின்னால் ஓர் எலாஸ்டிக்கும் தைத்திருந்தார். கார்ட்டூனில் வருகிற மலை சீகிரியாதான் என்று நானும் தம்பியும் ஏற்கெனவே தீர்மானித்திருந்தோம். உச்சிக்குப் போய் நின்று அவள் எடுக்கிற சபதத்தை எடுப்பது என்று ஏற்பாடு.

வேனில் அப்பா முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில், அம்மாவும் மாமியும் நடு சீட்டில், நாங்கள் இருவரும் மாமாவின் இரண்டு மகன்மாரும் கடைசி சீட்டில். மாத்தளை டவுனைத் தாண்டி, பலாபத்வெலயும் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் வெளிநாட்டுக்காரருக்காக நடத்துகிற ஸ்பைஸ் கார்டன்கள் வரிசையாக வருகிற இடத்தில், எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒத்திகை பார்க்கலாம் என்று நான் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு சிங்களத்தில் சபதத்தைச் சொல்ல, தம்பி எதிரியாக உறுமினான். மாமாவின் பையன்களும் கைதட்டினார்கள்.

வேன் நின்றது. மாமா இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார்.

"கழட்டு அத."

நான் கழற்றவில்லை. பயத்தில் கை எழவில்லை, அவ்வளவுதான். அவர் முகமூடியைப் பிடித்து இழுத்தார். எலாஸ்டிக் அறுந்து காதில் சுள்ளென்று அடித்தது. "பொம்பளப் புள்ள மூஞ்சியில பேய் மூஞ்சி. வாயில சிங்களம். இதத்தான் வளக்குறீங்களா?" என்று நடு சீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, ரோட்டோரத்துச் சாக்கடைக் கானுக்குள் அதை வீசினார்.

"விடுங்க மச்சான், சின்னப் புள்ளைங்க தானே," என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

அம்மா கட்லட் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

வேன் புறப்பட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மாமி தலையைச் சுற்றுகிறது என்றாள். ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்கள். பெரியவர்கள் மாமிக்கு முகம் கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வந்த வழியே நடந்தேன். கான் எனக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தது, முகமூடியும் இருந்தது. ஒரு காது மட்டும் நனைந்து மடிந்திருந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கடை இருந்தது, கடைக்காரரின் நாய் இருந்தது, வேன் இல்லை.

அந்த நேரத்துப் பயத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. முதலில் இடம் மாறி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு வேன் போயிருக்கக்கூடிய பக்கமாக ஓடினேன். லொறிகள் உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. ஓட முடியாமல் நின்ற இடத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டன் கேட், உள்ளே ஒரு பெரிய டூரிஸ்ட் பஸ். கேட்டில் நின்ற ஆள் சிங்களத்தில் என்னமோ கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எனக்குத் தேவைப்பட்ட வசனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மாவ பேரகன்ன," என்றேன். என்னைக் காப்பாற்றுங்கள்.

அவர் சிரித்துவிட்டார். பத்து வயதுப் பிள்ளை, கையில் நரி முகம், கார்ட்டூன் குரல். "காகெந்த?" என்று கேட்டார், யாரிடமிருந்து என்று.

"மாமாகென்," என்றேன்.

மாமா என்பது இரண்டு பாஷையிலும் மாமாதான். அந்த ஆளின் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டைத் திறந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஒரு மர வாங்கில் உட்காரவைத்தார்.

பஸ்ஸில் வந்திருந்தவர்கள் ஜப்பான்காரர்கள். ஏலக்காய்ச் செடியையும் கறுவாப் பட்டையையும் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுக்கு வழிகாட்டி என் கதையைச் சொன்னதும், வயதான ஓர் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு நான் எழுந்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன். கார்ட்டூனில் சிங்களமாக்காமல் விட்டிருந்த இரண்டு மூன்று ஜப்பான் சொற்களையும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகமூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, பூனை மாதிரிக் கத்திக் காட்டினார். நரி என்று சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை. ஈரத் துணி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவர் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ரோட்டோரத்தில் விசாரித்துக்கொண்டே வந்த எங்கள் வேனின் ஹார்ன் கேட்டது.

வேனுக்குள் நடந்ததைப் பிற்பாடு தம்பி எனக்குச் சொன்னான். புறப்படும்போது அம்மா, "புள்ளைங்க எல்லாம் ஏறிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "ஏறிட்டாங்க," என்று சொன்னது மாமா. தம்பி அப்போது மாமாவின் சின்ன மகனோடு சீட்டுக்குக் கீழே உருண்டு சண்டைபிடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்து, அக்கா இல்லை என்று அவன் கத்தியதை ரேடியோச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் சீட்டின் மேலால் ஏறி அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறான். பல மைல் தாண்டி, நாலந்தா என்ற ஊருக்குக் கிட்டப்போய்த்தான் திரும்பியிருக்கிறார்கள்.

அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நீங்க தானே சொன்னீங்க?"

மாமா மழுப்பியிருக்கலாம், கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவருடைய குணம்.

"கண்ணாடியில பாத்தேன், அவ அந்தப் பக்கம் நடந்து போறத. அந்தக் குப்பைய எடுக்கத்தான் போறான்னு தெரியும். கொஞ்சம் பயப்படட்டும்னு தான் வேன எடுத்தேன். அடுத்த வளைவுல நிப்பாட்டி இருப்பேன்."

"நிப்பாட்டினீங்களா?"

"பின்னால பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிச்சிக்கிட்டே வந்தான். நிப்பாட்ட எடம் இல்ல."

"நாலந்தா வரைக்குமா எடம் இல்ல?"

அப்பா உரக்கப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் அவர் உரக்கப் பேசவில்லை. என்னை இறக்கிவிட்டு, வேனுக்குள் கையை விட்டு எங்கள் பையை எடுத்தார். தம்பி தானாகவே குதித்து இறங்கினான். அம்மா நடு சீட்டிலேயே இருந்தாள்.

"எறங்கு. நாங்க பஸ்ல வீட்டுக்குப் போறோம்," என்றார் அப்பா.

"அண்ணே வேணும்னு செய்வாரா? புள்ளக்கி ஒண்ணும் ஆகலயே. ரோட்டுல நின்னு சண்ட பிடிக்காம ஏறுங்க."

"வேணும்னு தான் செஞ்சேன்னு அவரே சொல்றாரு."

அம்மா மாமாவைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நான் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கதவுப் பிடியில் இருந்த கையை. அது பிடியை விட்டுவிட்டு மடிக்குப் போயிற்று. மாமா ஏறி வேனை எடுத்தார். வேன் சீகிரியாவுக்குப் போகிற தம்புள்ளைப் பக்கம் திரும்பியது, கட்லட் பெட்டியோடும் அம்மாவோடும். நாங்கள் மூன்று பேரும் ரோட்டைக் கடந்து மாத்தளை பஸ்ஸுக்குக் கை காட்டினோம்.

அம்மா அன்று இருட்டிய பிறகு வந்தாள். "சீகிரியா நல்லா இருந்துச்சா?" என்று அப்பா கேட்டார். "இருந்துச்சு," என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். உப்புப் போதாது, மழை வரும்போல இருக்கிறது, தம்பிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போடச் சப்பாத்து வாங்க வேண்டும். மாமா எங்கள் வீட்டுக்கு மறுபடி வரவில்லை. அம்மா மாதத்துக்கு ஒரு தடவை தனியாக மாத்தளைக்குப் போய்வருவாள். நாங்கள் டிவியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. அப்படியாகிவிட்ட பிறகு கார்ட்டூனில் பழைய சுவை இல்லை. மாமா செத்தபோது அப்பா போனார். செத்த வீட்டுக் கொட்டகைக்கு வெளியே நின்றார், அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். செய்ததை இல்லையென்று சொல்லமாட்டார், அந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களும் ஜப்பான் கார்ட்டூன் பைத்தியங்கள்தான், ஆனால் ஆளுக்கொரு ஃபோனில், ஜப்பான் பாஷையிலேயே, கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துக்கொண்டு. சிங்களக் குரலில் சபதம் எடுத்த அந்தப் பெண்ணை அவர்களுக்குக் காட்டலாமென்று தேடினேன், எங்கும் கிடைக்கவில்லை. போன பள்ளிக்கூட லீவில் அவர்களைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போனேன். அப்பா காலமானதிலிருந்து என்னோடு இருக்கும் அம்மாவும் வந்தாள். பலாபத்வெலக்கு அங்கால் அந்தத் தேத்தண்ணிக் கடை இல்லை. ரோட்டை அகலமாக்கியதில் கானையும் மூடிவிட்டார்கள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

சீகிரியாவில் வாகனத்தை நிறுத்தியதும் பிள்ளைகள் இறங்கி மலையைப் பார்த்து ஜப்பான் பாஷையில் கத்தினார்கள். அம்மா பின் சீட்டில் இருந்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு நான் மேல ஏறல. வேனுக்குள்ளயே இருந்தேன். எறங்கவே இல்ல."

இத்தனை வருஷமும் உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிற அம்மாவைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன்.

"இத ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"நல்லா இருந்துச்சான்னு தானே கேட்டாரு. ஏறினியான்னு கேக்கல." என் பக்கம் திரும்பி, "நீயும் கேக்கல," என்றாள்.

என் வாய்வரை வந்த பதில் நல்ல பதில் இல்லை, அதனால் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, தண்ணீர்ப் போத்தலைச் சீட்டில் வைத்துவிட்டு, டிக்கெட் எடுக்கப் போனேன். இறங்கி வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அம்மாவும் இறங்கவில்லை.