சேவியரும் சாரதாவின் கல்யாண கேசட்டும்

வில்லியனூர் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர் என் வீட்டுக்காரர் சேவியர். இப்போது பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார். ஓடுகிற வீடியோ டெக் ஒன்றே ஒன்றுதான். அதைத் தூசி தட்டப் போனால்கூட என்மேல் எரிந்து விழுவார். சோறு ஆறிப்போகிறது என்று நான் கத்துவதும், இதோ இதோ என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் எங்கள் வீட்டில் தினப்படி கூத்து.

அன்று காலை உறுவையாறு கிராமத்திலிருந்து சாரதா ஓடி வந்தாள். புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தன் அண்ணன் இவளுக்குத் தாலியே கட்டவில்லை, சும்மா வைத்திருந்தான் என்று சொல்லி, வீட்டைக் கேட்டு நாத்தனார் அமிர்தம் வழக்குப் போட்டிருக்கிறாள். கோயில் கல்யாணம், பதியவில்லை. ஆல்பம் புயலில் போய்விட்டது. மறுநாள் கோர்ட்டில் வாய்தா. கேசட் மட்டும்தான் மிச்சம்.

கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூசணம். முடிந்தமட்டும் துடைத்துவிட்டு ஓட்டினார். மாலை மாற்றினார்கள். சட்டென்று திரை முழுக்கப் புள்ளி.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஹெட்டுல அழுக்கு அடைச்சிக்கிச்சிமா."

டெக்கின் மூடியைக் கழற்றினார். ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தை, டேப்பைப் படிக்கும் ஹெட் பதிந்த டிரம்மின்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மெல்லச் சுற்றினார். சாரதாவுக்குப் பொறுக்கவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.

"மேலயும் கீழயும் நல்லா தேய்ண்ணா!"

"கைய எடு!"

அவர் போட்ட கூச்சலில் நானே நடுங்கிவிட்டேன். ஹெட்டின் முனை முடியைவிட மெல்லிசு. மேலும் கீழுமாய் இழுத்தால் ஒடிந்துவிடும், அப்புறம் வீடு போன மாதிரிதான். சாரதா அழுதாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"பொம்பளகிட்ட ஏன்யா கத்துற?"

அவர் காதில் வாங்கவேயில்லை. திரும்ப ஓட்டினார். தாலியை எடுக்கும் இடத்தில் மறுபடியும் புள்ளி.

"இந்த எடத்த ரொம்ப வாட்டி போட்டுப் பாத்தீங்களாமா?"

"அவருக்கு இந்த எடம்னா உசுருண்ணா. திருப்பித் திருப்பிப் போடுவாரு."

அங்கேதான் டேப் தேய்ந்திருந்தது. ஓட ஓட மேல்பூச்சு உதிர்ந்து ஹெட்டை அடைத்தது. துடைத்தார், ஓட்டினார், அடைத்தது.

"இன்னொரு வாட்டி ஓட்டுனா அறுந்தாலும் அறுந்துடும். இன்னா சொல்ற?"

சாரதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுண்ணா."

கம்ப்யூட்டரில் பதிவை முடுக்கிவிட்டு ஓட்டினார். புள்ளிதான். ஆனால் சத்தத்துக்கு வேறு ஹெட், அதில் அடைப்பில்லை. மேளம் முழங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு இளங்குரல் சிரித்தது.

"அண்ணி, தலைய குனிங்க. மீதி ரெண்டு முடிச்சு நான்தான் போடணும்."

"அமிர்தம்!" என்றாள் சாரதா.

கொஞ்ச நேரத்துக்குப் புள்ளி விலகியது. மணப்பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு, உதட்டைக் கடித்தபடி மஞ்சள் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள் அதே நாத்தனார்.

"மாட்டிக்கினா பாரு!" என்று நான் கை தட்டினேன்.

சாரதா தட்டவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் விம்மினாள்.

"எம்மேல எம்மாம் ஆசையா இருந்திச்சி தெரியுமாக்கா, இந்தப் பொண்ணு."