திரேசா அக்காவின் மரப்படி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிறவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் முருகன் ஒருவன்தான். வெள்ளவத்தையில் கற்பூரம், திருநீறு, ஊதுபத்தி விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனபடியால் இதை அழகாக எழுத எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

என் மனைவி வசந்திக்கு முதுகெலும்பில் வருத்தம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்து இருக்க ஏலாது, படுக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கோயில் கோயிலாகப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை, எங்கே போவது? அப்படித்தான் படுக்கை வைத்த வான் ஒன்று வாங்குகிற எண்ணம் வந்தது. இப்போது கேம்பர் வான் என்கிறார்களே, அதுதான். விசாரித்துக்கொண்டு திரிந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒன்று இருக்கிறது என்றார்கள்.

திரேசா அக்காவின் வான் அது. மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கம். எழுபது வயது தாண்டியவர், முழங்கால் இரண்டும் மடங்காது. ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து பார்வை வந்திருந்தது, மற்றது பனி மூடின மாதிரி. அவருடைய கணவர் சவரி அண்ணை துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பழைய வான் ஒன்றை வாங்கி, கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, காஸ் அடுப்பு என்று எல்லாம் தன் கையாலேயே பூட்டியிருக்கிறார். மனைவியின் கண் சுகமானால் இதே வானில் மடு மாதா கோயிலுக்குக் கொண்டுபோகிறேன் என்று நேர்த்தி வைத்தாராம். கண் சுகமானது. போவதற்கு முன்னம் அவர் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார்.

பின்கதவுக்குள் ஒரு மரப்படி இருந்தது. நாலு கால், மேலே ஒரு பலகை. அக்கா ஏறி இறங்குவதற்கென்று அண்ணை பலா மரத்தில் செய்தது. வான் நின்றதும் அவர் இறங்கி வந்து, அதைத் தூக்கி நிலத்தில் வைப்பாராம். அந்தச் சத்தம் கேட்டால்தான் அக்கா காலை நீட்டுவாராம்.

"கன பேர் வந்து கேட்டவை தம்பி, உங்களிலும் பார்க்கக் கூடவும் தாறம் எண்டவை" என்றார் அக்கா. "உங்கட நெத்தியில திருநீறு கிடக்கு. அதைப் பாத்துத்தான் உங்களுக்குக் குடுக்கிறன். ஒண்டே ஒண்டு கேக்கிறன். இதில ஒரு ஆணியும் கழட்டமுதல் ஒருக்கா மடுவுக்குக் கொண்டு போங்கோ. கோயில் முத்தத்தில நிப்பாட்டி, பின்கதவைத் திறந்து மூடினாக் காணும். என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. இந்த முழங்காலோட எனக்கு ஏலாது."

"ஓம் அக்கா. அது என்ர பொறுப்பு" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி மாறியது. கடைக்கு வருகிற ஒருவர், "சைவக்காரன் வாங்கின வாகனம், முதல் ஓட்டம் மாதா கோயிலுக்கோ?" என்று கேட்டார். அது மனதில் தைத்துவிட்டது. பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்து, நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, முதலில் கதிர்காமம் என்று முடிவு செய்தேன். வசந்தி விடவில்லை.

"உங்கட முருகனிட்ட போக வழி தெரியுது, மடுவுக்கு வழி தெரியாதோ? என்ர அம்மாவும் அங்க மெழுகுதிரி கொளுத்தினவதான். மாதா அவவிட்ட என்ன சமயமெண்டு கேட்டவவோ?"

"போவம் எண்டுதானே சொல்லுறன். முதல்ல வானைத் திருத்துவம்."

அதற்குப் பிறகு திருத்துவதே வேலையாகப் போய்விட்டது. மாளிகாவத்தையில் பாயிஸ் நானாவின் கராஜில் விட்டேன். கூரை ஒழுகியது, அதை அடைத்தார். கட்டிலுக்குக் கீழே பலகை உக்கியிருந்தது, மாற்றினார். இரண்டாவது பற்றரி, கூரையில் சோலார், குட்டி ஃபிரிட்ஜ், மழைக்கு வெளியே இழுக்கிற படங்கு. ஒன்று முடிய எனக்கு இன்னொன்று தேவைப்பட்டது. நானா சிரித்தார்.

"அண்ணன், இது வானா ஹோட்டலா? இனி ஒரு ஷவரும் வச்சா நீங்க ஊட்டுக்கே போகத் தேவல்ல."

இதற்கிடையில் அக்கா இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். "போனனீங்களோ தம்பி?" "இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு அக்கா. முடிஞ்ச கையோட." ஒரு ஆணியும் கழற்றக்கூடாது என்றவரிடம், பாதி வானைக் கழற்றி வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன்.

கடைசியாக அந்த மரப்படி. வசந்திக்கு ஏற மடக்கிற இரும்புப் படி பூட்டியாகிவிட்டது, ஆனபடியால் பழையது இடைஞ்சல். "எறிஞ்சு விடுங்கோ நானா" என்றேன்.

"எறியிறதா? பலா மரம் அண்ணன், வைரம் பாஞ்ச பலகை. இப்ப தேடினாலும் கெடைக்காது" என்று சொல்லி அவர் அதைப் பிரித்து, கால்களை அறுத்துப் போட்டுவிட்டு, மேல் பலகையை வானுக்குள் சாமித் தட்டாக அடித்துத் தந்தார். அதில் முருகன் படத்தை வைத்தேன். சத்தியமாக, அன்றைக்கு எனக்கு அது நல்ல காரியமாகவே தெரிந்தது.

அடுத்தது மடுதான் என்று வசந்தியைச் சமாளித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கதிர்காமத்துக்கு வெளிக்கிட்டோம். நான் ஓட்ட, வசந்தி பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். தேத்தண்ணி குடிக்க முதல் தரம் நிறுத்தினேன். என்ஜினை நிறுத்தியதும் பின்பக்கம் ஒரு சத்தம். "டொக்." மரத்தை நிலத்தில் வைக்கிற சத்தம். உடனே வானின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது, யாரோ இறங்கினால் எழும்புமே, அப்படி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகத் தாழ்ந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள் வசந்தி, "பின்னால வந்து ஏறினனீங்களோ?"

"நான் சீற்றை விட்டு அசையேல்லை."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்கதவு பூட்டினபடி. நானா போட்ட புது ஸ்பிரிங், இன்னும் பதியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்காலையில் டீசல் அடிக்க நின்றபோதும் அதே. டொக், எழும்பியது, பொறுத்தது, தாழ்ந்தது. அம்பாந்தோட்டை தாண்டி மர நிழலில் நிறுத்தினபோதும் அதே. மூன்றாவது தரம் வசந்தி எழும்பி இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்திலும் பார்க்கக் கோபம்தான் இருந்தது.

"ஆரோ இறங்கிப் பாத்திட்டு, இந்த இடமில்லை எண்டு திரும்ப ஏறுகினம்" என்றாள். "என்ன இடமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

திரும்பவும் வானைக் கிளப்பினேன். பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது, ரோட்டில் பஸ் ஓடுகிறது, எனக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரையோரம் வானை விட்டோம். அப்போதும் டொக் என்றது. காதில் விழாதது போல இருந்தேன். ஆற்றில் முழுகிவிட்டு, பழத் தட்டு எடுத்துக்கொண்டு பகல் பூசைக்குப் போனோம். நம்பினால் நம்புங்கள், அன்றைக்குச் சந்நிதித் திரைச்சீலைக்கு முன்னால் நின்று என்னால் கும்பிட முடியவில்லை. கை குவிகிறது, வாயில் அரோகரா வருகிறது, மனதில் அக்காவின் குரல்தான். நெத்தியில திருநீறு கிடக்கு. அதைப் பாத்துத்தான் குடுக்கிறன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு குரங்கு வான் கூரையில், சோலார் தகட்டில் ஏறி இருந்து வாழைப்பழம் தின்கிறது. பின்கதவடியில் ஈர மணலில் நாலு குழி. சதுரமாக, ஒரு ஸ்டூலைப் பாரத்தோடு வைத்தெடுத்தால் விழுகிற மாதிரி. சுற்றிவர ஒரு காலடித் தடம்கூட இல்லை. நான் பூட்டின பின்கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அக்கா கதவைத் திறந்த உடனேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை, அவரே தொடங்கினார்.

"ஒரு விசர்க் கனவு தம்பி. நேற்றுக் காலமை செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தனான், அப்பிடியே கண் அயர்ந்திட்டன். கனவில எங்கட வானில போறன். வான் நிக்குது, படி வைக்கிற சத்தம் கேக்குது, இறங்கிப் பாக்கிறன். மடு இல்லை. திரும்ப ஏறுறன். எத்தினை தரம் இறங்கி ஏறினனோ, முழங்கால் இண்டைக்கும் நோகுது. கடைசியில ஒரு ஆறு. சனம் உடுப்போட முழுகுது. எங்கட வானுக்கு மேல ஒரு குரங்கு இருந்து வாழைப்பழம் தின்னுது. எனக்கெண்டால் சிரிப்பு."

சிரித்தார். நான் வழியெல்லாம் சவரி அண்ணையின் ஆவி என்று நினைத்துப் பயந்துகொண்டு வந்தவன். அண்ணைக்கு எதற்குப் படி? படி அக்காவுக்குச் செய்தது. உயிரோடு இருக்கிற மனிசி, கொட்டாஞ்சேனையில் கதிரையில் இருந்தபடி, என்னோடு கதிர்காமம் வரைக்கும் வந்து வந்து ஏமாந்திருக்கிறார்.

"அக்கா, வாற கிழமை மடுவுக்குப் போறம். நீங்களும் வாறியள்" என்றேன். வேறொன்றும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"நானோ?" என்றார். அதற்குப் பிறகு அழுதார். தேவையில்லை என்று சொன்ன மனிசி, அவ்வளவு நாளும் யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்திருக்கிறார்.

போகிற அன்று அவர் பின்கதவடியில் வந்து நின்றார். "படி எங்க தம்பி?"

புது இரும்புப் படியைக் காட்டினேன். அது மடங்கி ஆடியது, கால் வைக்கப் பயந்தார். "மரப்படியைத் திருத்தக் குடுத்திருக்கு அக்கா" என்றேன். அந்தப் பொய் இன்றைக்கும் வாயில் கசக்கிறது. முன்வீட்டில் பிளாஸ்ரிக் ஸ்டூல் ஒன்று வாங்கி, நானும் வசந்தியும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம்.

வழியில் கட்டிலில் இருந்தபடி வானுக்குள் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். சாமித் தட்டில் கை நின்றது. "நல்ல மரம் தம்பி. இவரும் இப்பிடி ஒரு பலகைதான் தேடித் தேடி எடுத்தவர்" என்றார். கண்ணாடியில் அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. அன்றைக்கு வழியில் எங்கே நிறுத்தியும் அந்தச் சத்தம் வரவில்லை.

மடுவில் கோயில் முற்றத்து மர நிழலில் நிறுத்தினேன். மத்தியானம் இன்னும் ஆகவில்லை. வசந்தி மெழுகுதிரி வாங்கப் போனாள். நான் பின்கதவைத் திறந்துவிட்டு, இரும்புப் படியைக் கீழே மடக்கி ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை எடுக்க முன்பக்கம் போனேன்.

டொக்.

ஸ்டூலோடு திரும்பி ஓடி வந்தேன். அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு நிற்கிறார். வானுக்குள்ளும் இல்லை, நிலத்திலும் இல்லை. இரண்டு காலும் நிலத்துக்கு மேலே ஒரு முழம், ஒன்றுமில்லாத இடத்தில். நான் என் முருகனை வைத்துச் சொல்கிறேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் கீழே பார்க்கவே இல்லை, கோயில் கோபுரத்தைத்தான் பார்த்தபடி. பிறகு ஒரு காலை மெல்ல மணலில் ஊன்றி, மற்றதையும் இறக்கினார்.

"திருத்தி முடிச்சிட்டீங்கள் போல தம்பி" என்றார். "இப்ப ஆட்டமே இல்லை."

நான் ஸ்டூலைப் பின்னுக்கு மறைத்தேன்.

"மறக்காம உள்ள எடுத்து வையுங்கோ. ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம்."

ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்து வைக்கும்வரை நகர மாட்டார் என்று தெரிந்தது. என்ன செய்வது? அவரைச் சமாளிக்க வெறுங்கையோடு குனிந்து, படியைத் தூக்குவது போலப் பாவனை செய்தேன்.

கனத்தது.

பிடியை விடாமல் வானுக்குள் கட்டில் ஓரமாக வைத்தேன். வைத்த இடத்தில் வான் இலேசாகத் தாழ்ந்தது. "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு அக்கா வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியிலேயே நின்றேன். மணலில் நாலு குழி.

படியைப் பிரித்து அறுத்ததை இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெலிபோனில் கதைக்கிறார், கனவு ஒன்றும் இப்போது வருவதில்லை, முழங்காலும் பரவாயில்லை என்கிறார். உங்களுக்காகச் செபிக்கிறன் தம்பி என்கிறார். அதைக் கேட்டுவிட்டு வைக்கும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போகிறேன். முருகன் படம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. எடுக்கவும் மனம் வரவில்லை, இருக்க விடவும் மனம் வரவில்லை.

இப்போது வானை எங்கே நிறுத்தினாலும் நான் முதலில் பின்பக்கம் போய், குனிந்து, படியைக் கீழே வைக்கிறேன். வெளிக்கிடும்போது தூக்கி உள்ளே வைக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்கு விசர் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு தரமும் அதே கனம்தான் கையில் ஏறுகிறது. ஒரு நாளைக்கு அது கனக்காமல் போனால், கொட்டாஞ்சேனைக்குப் போய் அக்காவின் கதவைத் தட்டுவதற்கு என் கை எழும்புமா என்பதுதான் என் பயம்.